லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றிய பிரித்தானியப் படை அதிகாரியும், தொடக்ககால ஒளிப்படக் கலைஞரும் ஆவார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856 ஆம் ஆண்டில் அமர்த்தப்பட்ட இவர், மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, இராயக்கோட்டை முதலிய இடங்களைப் பெரிய அளவிலான காகித எதிர்ப்படிகளில் பதிவு செய்தார். தமிழகத்தின் பல கோயில்கள், கோட்டைகள், குளங்கள் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஒளிப்படங்களுள் இவர் எடுத்தவை முதன்மையானவை. நிலக்காட்சியையும் நீர்நிலைகளையும் சட்டகத்துக்குள் அமைத்த முறைக்காகவும், எதிர்ப்படிகளின் மீது தூரிகையால் திருத்தங்கள் செய்ததற்காகவும் இவர் இன்று ஆய்வாளர்களால் பெரிதும் பேசப்படுகிறார்.

இளமையும் படைப்பணியும்

டிரைப் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், பின்னர் டெவன்போர்ட் எனப் பெயர் பெற்ற துறைமுக நகரில் பிறந்தார். இவரது தந்தை அறுவை மருத்துவர். குழந்தைகள் பலர் இருந்த பெரிய குடும்பம் இவருடையது. 1838 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் சேர்ந்த டிரைப், சென்னை மாகாணக் காலாட்படையில் பணியாற்றினார். 1840 இல் லெப்டினன்ட் ஆனார். அடுத்த பத்தாண்டுகளைத் தென்னிந்தியாவிலேயே கழித்தார்.

1850 இல் விடுப்பில் தாய்நாடு திரும்பினார். உடல்நலக் குறைவினால் அவ்விடுப்பு 1854 வரை நீண்டது. அந்த இடைவெளியே இவரை ஒளிப்படக் கலைஞராக்கியது எனலாம்.

ஒளிப்படக்கலை பயிலுதல்

டிரைப் இங்கிலாந்தில் இருந்த ஆண்டுகள் ஒளிப்படக்கலையின் வரலாற்றில் முக்கியமானவை. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841 இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறை, காகித எதிர்ப்படியிலிருந்து எத்தனை அச்சுப்படிகளையும் எடுக்க வழிசெய்தது. 1851 இல் பிரான்சு நாட்டவரான குஸ்தாவ் லெ கிரே காகிதத்தில் மெழுகு ஏற்றும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் ஈர முறையை அறிவித்தார்.

டிரைப் பயின்றது காகித எதிர்ப்படி முறை. டெவன்போர்ட்டின் கப்பல் தளத்தையும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களையும் இவர் படமெடுத்துப் பழகினார். அசையும் நீரையும் அசையாக் கட்டடங்களையும் ஒரே படத்தில் கொணரும் சிக்கலை இவர் முதலில் எதிர்கொண்டது இங்கேதான். 1853 இல் இலண்டன் ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினரானார்.

காகித முறையின் படத்தில் கண்ணாடித் தகட்டின் நுணுக்கம் இராது. ஆயினும் வெப்ப நாட்டில் அதற்கு ஒரு சிறப்பு இருந்தது. ஈரக் கொலோடியன் தகட்டைப் பூச்சு உலர்வதற்குள் ஒளிபடுத்திக் கழுவிவிட வேண்டும். மெழுகு ஏற்றிய காகிதத்தையோ முன்கூட்டியே அணியப்படுத்தி எடுத்துச் செல்ல இயலும். மாட்டு வண்டியில் நூற்றுக்கணக்கான மைல்கள் செல்ல வேண்டியவருக்கு உடையாத, எடை குறைந்த காகிதமே ஏற்றதாக இருந்தது.

ஹளேபீடும் சென்னைக் கண்காட்சியும்

1854 சூன் மாதத்தில் கேப்டன் பதவியுடன் பெங்களூர் திரும்பிய டிரைப், அவ்வாண்டு திசம்பரில் தம் முதல் இந்திய ஒளிப்படங்களை எடுத்தார். மருத்துவர் ஆண்ட்ரூ நீல் என்பாருடன் மைசூர்ப் பகுதியின் ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகுளம் ஆகிய இடங்களுக்குச் சென்றார். 1855 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற கைத்தொழில் கண்காட்சியில் இவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டன. அவற்றில் இருந்த கோயில்களுள் பெரும்பாலானவை அதுவரை படமெடுக்கப்படாதவை. நடுவர்கள் இவற்றைக் கண்காட்சியின் சிறந்த ஒளிப்படங்களாகத் தேர்ந்தனர்.

இதே ஆண்டில் கம்பனியின் இயக்குநர் அவை, பழங்காலச் சின்னங்களைப் பதிவு செய்வதற்கு ஓவியத்தைவிட ஒளிப்படமே விரைவானது, சிக்கனமானது என்ற கருத்தைக் கொண்டிருந்தது. டிரைப்பின் வாழ்வில் அடுத்த ஐந்தாண்டுகளை இக்கருத்தே வடிவமைத்தது.

பர்மாத் தூதுக்குழு

1852 இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போரில் பெகு நாட்டைக் கம்பனி இணைத்துக்கொண்டது. இதனை பர்மிய மன்னர் மிண்டோன் ஒப்பந்தத்தின் மூலம் ஏற்க வேண்டும் என விரும்பிய தலைமை ஆளுநர் டல்ஹௌசி, 1855 இல் ஆர்தர் ஃபேர் தலைமையில் அமரபுரத்திற்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். குழுவின் செயலாளர் ஹென்றி யூல். ஓவியர் கோல்ஸ்வொர்தி கிராண்ட். டிரைப் ஒளிப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார்.

குழு நீராவிக் கப்பல்களில் ஐராவதி ஆற்றின் வழியே சென்றது. மழையும் உடல்நலக் குறைவும் பணிநாட்களைக் குறைத்தன. இருந்தும் டிரைப் புரோம், பகான், அமரபுரம், இரங்கூன் ஆகிய இடங்களில் 200 க்கும் மேற்பட்ட எதிர்ப்படிகளை எடுத்தார். அரசியல் நோக்கில் தூதுக்குழு வெற்றி பெறவில்லை. மன்னர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஒளிப்படங்களோ நிலைத்தன. பெங்களூர் திரும்பிய டிரைப், 120 படங்களைத் தேர்ந்து 50 தொகுதிகளாக அச்சிட்டார். அதாவது ஏறத்தாழ 6,000 அச்சுப்படிகள், ஒவ்வொன்றும் சூரிய ஒளியில் தனித்தனியே எடுக்கப்பட்டவை.

சென்னை அரசின் ஒளிப்படக்காரர்

1856 அக்டோபரில், ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் ஆட்சியில், டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். கட்டடங்களை மட்டுமன்றி மக்களின் தோற்றம், தொழில், நிலக்காட்சி ஆகியவற்றையும் பதிவு செய்வது இப்பணியின் நோக்கமாகக் கருதப்பட்டது. சென்னையில் அப்போது ஒளிப்படத்திற்கு உகந்த சூழல் உருவாகியிருந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850 இல் தொடங்கிய கலைப்பள்ளியும், 1856 இல் உருவான சென்னை ஒளிப்படக் கழகமும் இதற்குத் துணைநின்றன. டிரைப்பிடம் பயிற்சி பெற்ற அய்யாசாமி என்னும் தமிழர் பின்னாளில் அக்கலைப்பள்ளியின் ஒளிப்படக்காரராக விளங்கியது குறிப்பிடத்தக்கது.

1857–58 பயணம்

1857 திசம்பர் நடுப்பகுதியில் நான்கு மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு டிரைப் பெங்களூரை விட்டுப் புறப்பட்டார். இராயக்கோட்டை வழியாகச் சேலம் மாவட்டத்தைக் கடந்து திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய இடங்களில் பணி செய்து, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். அவ்வாண்டில் வட இந்தியாவில் கிளர்ச்சியும் அடக்குமுறையும் தொடர்ந்துகொண்டிருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பயணத்தின் காலத்தேர்வு நீர்நிலைகளைப் பொறுத்தவரை பொருள் உடையது. தமிழகத்தின் பெரும்பகுதி மழை பெறுவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவத்தில். மழை ஓய்ந்து வானம் தெளிந்து, ஏரிகளும் குளங்களும் நிறைந்திருக்க வாய்ப்புள்ள காலம் மார்கழி, தை மாதங்களே. டிரைப் மதுரையில் இருந்தது 1858 சனவரி, பெப்ரவரி மாதங்களில்.

மதுரைப் படங்கள் மட்டும் நான்கு பகுதிகளாக வெளியிடப்பட்டன. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், முற்றுப்பெறாத இராய கோபுரம், அப்போது சிதைந்த நிலையில் இருந்த திருமலை நாயக்கர் அரண்மனை, யானைமலை, கோட்டைச் சுவரை அகற்றிய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண் ஆகியன இவற்றுள் அடங்கும். நீர்நிலைகளும் இடம்பெற்றன. கோயிலுக்குள் உள்ள பொற்றாமரைக் குளம், நகருக்குக் கிழக்கே உள்ள வண்டியூர் தெப்பக்குளம், தரைப்பாலத்துடன் கூடிய வைகை ஆறு ஆகியவை அவை. தஞ்சை, திருவையாறு படங்களுக்கு விளக்கக் குறிப்புகளை எழுதியவர் பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் ஆவார்.

நீர்க்காட்சிகளை அமைத்தல்

டிரைப்பின் எதிர்ப்படிகள் ஏறத்தாழ 12 அங்குலம் உயரமும் 15 அங்குலம் அகலமும் கொண்டவை. எதிர்ப்படியை உணர்வூட்டிய தாளின் மீது நேரடியாக வைத்து வெயிலில் அச்சிடுவதே அன்றைய வழக்கம். ஆகவே அச்சுப்படியின் அளவு எதிர்ப்படியின் அளவே. ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி எடுத்தல் நடைமுறையில் இல்லை. இன்று எடுத்த பின்னர்ச் செய்யும் தேர்வை அன்று எடுக்கும் முன்னரே, கருவியை நிறுத்தும் இடத்திலேயே செய்தாக வேண்டியிருந்தது.

இதன் கடினத்தை உணர வண்டியூர் தெப்பக்குளம் நல்ல எடுத்துக்காட்டு. 17 ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அமைத்த இக்குளம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் கொண்டது. நான்கு புறமும் கருங்கல் படிகள். நடுவே தோட்டமும் மைய மண்டபமும். இத்தகைய இடத்தில் நீரில் தெரியும் பிம்பத்தையும் சேர்த்துப் படமெடுப்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, எங்கே நிற்பது என்பது. நீரில் தெரியும் பிம்பம் மேலே உள்ள காட்சியின் தலைகீழ் நகல் அன்று. கருவி நீர்மட்டத்திற்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு கீழே இருந்து மண்டபத்தை அண்ணாந்து பார்த்தால் எது தெரியுமோ அதுவே பிம்பத்தில் தெரியும். கரையின் உச்சியில் நின்றால் இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையே வேறுபாடு மிகும்; முன்னே உள்ள மதில், பின்னே உள்ள கோபுரத்தின் ஒரு பகுதியைப் பிம்பத்தில் மறைத்துவிடக்கூடும். மேலும், கருவி கரைவிளிம்பிலிருந்து பின்வாங்கியிருந்தால் முன்னிலத்தின் படிகளே பிம்பத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிடும். படிகளில் இறங்கி நீருக்கு அருகில் நின்றால் பிம்பம் முழுமையாகவும் மூலத்தை ஒத்ததாகவும் அமையும். ஆனால் நீர்ப்பரப்பு ஒடுங்கி, குளத்தின் பரப்பளவு பார்வையாளருக்கு விளங்காமல் போகும். குளத்தைக் காட்டுவதா, பிம்பத்தைக் காட்டுவதா என்பதே இங்குள்ள தேர்வு.

இரண்டாவது, சட்டகத்தில் நீர்க்கோட்டை எங்கே வைப்பது என்பது. கட்டடங்களின் தூண்கள் சாயாமல் நிற்க வேண்டுமானால் கருவியை மேல்நோக்கிச் சாய்க்கக் கூடாது. உயர்ந்த கோபுரத்தை அடக்க, கருவியைச் சாய்க்காமல் வில்லையை மட்டும் மேலே நகர்த்துவதே வழி. அவ்வாறு மேலே ஒரு பகுதி கிடைக்கும்போது கீழே அதே அளவு பகுதி சட்டகத்தை விட்டு வெளியேறும். வெளியேறுவது பிம்பமே. கோபுரமும் அதன் முழுப் பிம்பமும் ஒருசேர வேண்டுமானால் தொலைவில் செல்ல வேண்டும். தொலைவில் சென்றால் சிற்பங்களின் நுணுக்கம் குறையும். ஆவணப்படுத்துவதற்காக அமர்த்தப்பட்ட ஒருவருக்கு இது எளிய முடிவன்று.

இதில் சுவையான ஒன்றும் உண்டு. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துத் தேய்த்த கண்ணாடியில் பார்க்கும் ஒளிப்படக்காரருக்குக் காட்சி தலைகீழாகவே தெரியும். ஆகவே குளக்கரையில் நிற்பவரின் கண்ணாடியில் மண்டபம் தொங்கும். அதன் பிம்பமே நிமிர்ந்து நிற்கும். பழகிய கண்ணுக்கு இதனால் கட்டடம் என்பது மறந்து, ஒளியும் இருளும் கொண்ட வடிவங்களின் சமநிலை மட்டுமே தெரியும்.

மூன்றாவது, நீர் எப்போது நிலைத்து நிற்கும் என்பது. காகித எதிர்ப்படிக்கு ஒளிபடுத்தும் நேரம் நொடிகளில் தொடங்கி நிமிடங்கள் வரை நீண்டது. அந்நேரத்தில் வீசும் சிறு காற்றும் அலைகளை எழுப்பும். அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, பிம்பம் மேலும் கீழுமாக நீண்டு மங்கும். காற்று மிகுந்தால் நீர் வெறும் வெண்பரப்பாகிவிடும். காற்று ஓய்ந்திருக்கும் விடியற்காலை இதற்கு ஏற்றது. ஆனால் அப்போது ஒளி குறைவு, எனவே நேரம் இன்னும் நீளும். கோடைக்குமுன் கிடைக்கும் தெளிந்த காலைப்பொழுதுகள் எவ்வளவு அருமையானவை என்பது இதனால் விளங்கும்.

தீட்டுதல்

அக்கால வேதிப்பொருட்கள் நீல ஒளிக்கே மிகுதியாக உணர்வுடையன. நீல வானம் எதிர்ப்படியில் அடர்ந்து பதிந்து, அச்சுப்படியில் வெறும் வெண்மையாகத் தோன்றும். பச்சை இலைகளோ போதிய அளவு பதியாமல் கருந்திட்டுகளாக நிற்கும். வானத்தின் வெண்மையை நீரும் அப்படியே எதிரொளிக்கும் என்பதால், குளத்துப் படங்களில் மேலும் கீழும் இரு வெற்றிடங்கள் தோன்றும் இடர் உண்டு.

இக்குறையை நீக்க டிரைப் எதிர்ப்படிகளின் மீது தூரிகையால் வண்ணப்பூச்சு இட்டார். வானில் மேகங்களையும், கரும்திட்டுகளாக நின்ற தழைகளில் ஒளிப்புள்ளிகளையும் அவர் சேர்த்தார். எதிர்ப்படியில் பூச்சு இட்ட இடம் ஒளியைத் தடுப்பதால் அச்சுப்படியில் வெளிர் நிறமாகத் தோன்றும். இதனை அவர் மிகத் தேர்ச்சியுடன் செய்தமையால், உற்றுநோக்காத பார்வையாளர் அம்மேகங்களை உண்மை என்றே கொள்வர்.

நீர்நிலை உள்ள படங்களில் இத்திருத்தம் தனிச்சிக்கலை உண்டாக்கும். தூரிகையால் வரைந்த மேகத்திற்கு நீரில் தானாகப் பிம்பம் விழாது. மேகத்தை வரைபவர் நீரையும் அதற்கேற்பத் தீட்ட வேண்டும்; அன்றேல் வானமும் நீரும் வெவ்வேறு நாட்களைக் காட்டும். மாணவர்கள் 19 ஆம் நூற்றாண்டின் நீர்க்காட்சிப் படம் எதனையும் பார்க்கும்போது, வானத்தில் உள்ளது நீரிலும் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்த்தல் நல்ல பயிற்சியாகும்.

ஓரம் வெட்டுதல்

அச்சுப்படியை அட்டையில் ஒட்டுமுன் அதன் ஓரங்கள் கத்தியால் வெட்டப்பட்டன. காகிதத்தின் விளிம்புகளில் பூச்சு சீராகப் படிவதில்லை. வில்லையின் ஒளி மூலைகளை முழுமையாக எட்டுவதும் இல்லை. ஆகவே வெட்டுதல் தவிர்க்க இயலாதது. ஆனால் எதை எவ்வளவு வெட்டுவது என்பது பொறியியல் கணக்கு மட்டும் அன்று. நீர்க்காட்சியில் அடியோரத்தை ஓர் அங்குலம் வெட்டினாலும் கோபுர முடியின் பிம்பம் போய்விடும். அது போனால் மண்டபம் தரையில் நிற்பதுபோல் ஆகிவிடும். குளம் வெறும் முன்னிலமாகத் தாழ்ந்துவிடும். மேலோரத்தை வெட்டினால் வானத்தின் வெறுமை குறைந்து நீரின் பங்கு கூடும். பெரிதாக்கும் வழி இல்லாத அந்நாளில் வெட்டிய ஒவ்வோர் அங்குலமும் படத்தின் அளவையும் குறைத்தது. எனவேதான் அக்காலத்தோர் கருவியை நிறுத்தும் இடத்தைத் தேர்வதில் இவ்வளவு கவனம் செலுத்தினர்.

வரலாற்று ஆவணம் என்ற முறையிலும் இது கருதத்தக்கது. ஒரு குளத்தின் படத்தில் அடியோரம் எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்தே எத்தனை படிகள் நீருக்கு மேலே தெரிகின்றன என்பதை நாம் எண்ண முடியும். நீர்மட்டத்தைப் பற்றிய சான்று ஒரு கத்தி வெட்டில் அழியவும் கூடும்.

தஞ்சைக் கல்வெட்டுத் தொடர்படம்

ஓரங்களைக் கையாளும் டிரைப்பின் திறமை முழுமையாக வெளிப்பட்ட இடம் தஞ்சைப் பெரிய கோயில் ஆகும். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 அச்சுப்படிகளின் ஓரங்களை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக்கினார். ஒவ்வொரு படத்திலும் தொலைவும் ஒளியும் ஒத்திருந்தால் மட்டுமே எழுத்துகள் இணையும்.

இக்கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராச சோழன் என்பது கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்படாத அக்காலத்தில் நிறுவப்பட்டிருக்கவில்லை. ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் அக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பதிப்பித்தது 1890களில். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, மொழி அறியாத ஒருவர் அவ்வெழுத்துகளை விடாது பதிவு செய்துள்ளார் என்பது வியப்புக்குரியது.

1858 மே மாதத்திற்குப் பின் டிரைப் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845 இல் அகழ்ந்தெடுத்த இச்சிற்பங்கள் எலியட் பளிங்குகள் என்று அழைக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் இவை இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டன. அவை இந்திய மண்ணில் இருந்தபோது எடுக்கப்பட்ட பதிவு என்ற சிறப்பு டிரைப்பின் படங்களுக்கு உண்டு.

பணி மூடப்படல்

1859 இல் சார்லஸ் டிரெவெலியன் சென்னையின் ஆளுநரானார். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவினால் அரசின் நிதிநிலை நலிந்திருந்தது. ஒளிப்படத் துறையை அரசின் நிலைமைக்குப் பொருந்தாத ஆடம்பரமாகக் கருதிய புதிய ஆளுநர், அதனை நிறுத்த ஆணையிட்டார். டிரைப் தம் பணியின் பயனை எடுத்துரைத்தும் முடிவு மாறவில்லை. 1860 இல் பணியகம் மூடப்பட்டது. அதே ஆண்டில், வருமான வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தமைக்காக டிரெவெலியனும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். ஆனால் மூடப்பட்ட பணியகம் மீண்டும் திறக்கப்படவில்லை.

தாமிரபரணிக் கரைகள், காஞ்சிபுரத்துக் குளங்கள், செங்கற்பட்டு ஏரிகள் என டிரைப்பின் 1857–58 பயணம் தொடாத பகுதிகள் பல. அப்பணி தொடர்ந்திருந்தால் 1860களின் தமிழக நீர்நிலைகளைப் பற்றிய விரிவான பதிவு நமக்குக் கிடைத்திருக்கக்கூடும்.

பிற்காலம்

டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். ஏமாற்றம் அவரை ஒளிப்படக்கலையிலிருந்து விலக்கியது போலும். 1870 வாக்கில் பர்மாவின் தௌங்கூவில் எடுத்த சில படங்கள் தவிர வேறொன்றும் குறிப்பிடும்படியாக இல்லை. 1870களில் மேஜர் ஜெனரல் என்னும் மதிப்புறு பதவியுடன் ஓய்வு பெற்று டெவன்போர்ட் திரும்பினார். முதுமையில் சங்கு, சிப்பி, பவளம் ஆகியவற்றைச் சேகரிப்பதில் ஈடுபட்டார். 1902 மார்ச் 2 அன்று, தாம் பிறந்த ஊரிலேயே காலமானார். ஐந்தாறு ஆண்டுகள் மட்டுமே நீடித்த ஒளிப்படப் பணிக்குப் பின் அவர் நாற்பதாண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்.

மறு கண்டுபிடிப்பு

நெடுங்காலம் நூலகங்களின் தொகுப்பேடுகளுக்குள் உறங்கிய டிரைப்பின் படங்கள் 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனம் பெற்றன. கனடாவின் ஒண்டாரியோ கலைக்கூடம் 1986 இல் இவரது படங்களைக் காட்சிக்கு வைத்தது. ஜேனட் தேவன் தொகுத்த முழுமையான பட்டியல் 2003 இல் வெளிவந்தது. 2014–15 ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம், இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் இவரைப் பற்றிய பெருங்கண்காட்சி நடைபெற்றது.

மதிப்பீடு

டிரைப்பின் படங்களை அணுகுவோர் இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். அவை அரசு ஆவணங்கள் என்பதால் உள்ளதை உள்ளவாறே காட்டுகின்றன என நம்புவது ஒன்று. வானம் தீட்டப்பட்டது, ஓரம் வெட்டப்பட்டது, மக்கள் கூட்டம் பெரும்பாலும் விலக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. நீண்ட ஒளிபடு நேரத்தில் நடமாடுவோர் பதிவதில்லை. ஆகவே நெரிசல் மிகுந்த மதுரை வீதிகளும் அவரது படங்களில் ஆளரவமற்றே தோன்றுகின்றன. இவ்வெறுமையைக் கண்டு அக்காலத் தமிழ் நகரங்கள் பாழடைந்து கிடந்தன எனக் கொள்வது பிழையாகும்.

திருத்தம் செய்யப்பட்டவை என்பதாலேயே அவை சான்றாகா எனத் தள்ளுவது மற்றொன்று. கல், படி, தூண் ஆகியவற்றை டிரைப் பதித்தவாறே விட்டுள்ளார். திருமலை நாயக்கர் அரண்மனை, ஆளுநர் நேப்பியர் பிரபுவின் காலத்தில் புதுப்பிக்கப்படுவதற்குமுன் எந்நிலையில் இருந்தது என்பதை அறிய இப்படங்களே உதவுகின்றன. நீர்நிலைகளுக்கும் இது பொருந்தும். வண்டியூர் தெப்பக்குளம் பிற்காலத்தில் நெடுநாள் வறண்டு, சிறுவர்கள் மட்டைப்பந்து ஆடும் திடலாகவும் இருந்தது. அண்மை ஆண்டுகளில் வைகையிலிருந்து கால்வாய் வழியே நீர் கொண்டுவரப்பட்ட பின்னரே மைய மண்டபத்தின் பிம்பம் நீரில் மீண்டும் தெரிந்தது. நீர்நிலை ஒன்றின் பழைய படத்தில் உள்ள பிம்பம் அழகுக்காக மட்டும் அன்று. அன்று அங்கே நீர் இருந்தது என்பதற்கான சான்றும் அதுவே. அச்சான்றைச் சட்டகத்துக்குள் வைப்பதா, வெட்டி எறிவதா என்ற முடிவு அன்று டிரைப்பின் கையில் இருந்தது. இன்று குளக்கரையில் நின்று படமெடுக்கும் எவருடைய கையிலும் இருக்கிறது.